பிள்ளை வருமுன் சூடு வரவேண்டும்

குழாயைத் திறந்து கையை நீட்டிய இரத்தினவேல் சட்டென்று இழுத்துக்கொண்டான். சுடுதண்ணீர்க் குழாய்தான். வந்ததோ ஐஸ் தண்ணீர். கொஞ்சம் ஓடவிட்டால் சூடு வரும் என்று நின்று பார்த்தான். தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. சூடு வரவில்லை.

நிலமும் குளிர்ந்து கிடந்தது. இரண்டு சோடி காலுறை போட்டும் பாதம் மரத்தது. கூரையில் சூட்டுக்காற்று வரும் துளைக்குக் கீழே கையை உயர்த்திப் பார்த்தான். சீக்காளியின் மூச்சுப்போல மெல்லியதாக ஏதோ வந்தது. அதிலும் சூடு இல்லை.

வேறு நாளென்றால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாக்டரிக்குப் போயிருப்பான். இன்றைக்கு அவன் லீவு. இன்றைக்குத்தான் ரதியும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார்கள்.

போன கிழமை மேல்வீட்டுப் பஸ்ரியன் அங்கிளோடு அவனுக்கு வாய்த்தர்க்கம் வந்தது. வீட்டுக்காரர் அவர். அவரும் மனைவி கிளடிஸ் அன்ரியும் மேலே, இவர்கள் நிலமட்டத்துக்குக் கீழே பேஸ்மென்றில். பிள்ளை வரப்போகிறது, சூடு காணாது என்று இவன் சொல்ல, காணாவிட்டால் வேறு வீடு பார் என்று அவர் சொல்ல, அதோடு இரண்டு பேரும் முகம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். படியில் எதிர்ப்பட்டால் ஒருவர் கூரையைப் பார்ப்பார், மற்றவர் சப்பாத்தைப் பார்ப்பார்.

அந்தச் சங்கதி எப்படியோ பக்கத்து நகரமான மார்க்கம் வரைக்கும் போய்விட்டது. ரதியின் தமையன் பொன்னம்பலம் மார்க்கத்தில் தனி வீடு வாங்கி, கராஜில் கார் விடுகிற மனிதர். நேற்று ஆஸ்பத்திரியில், தாதிமாருக்கும் கேட்கத்தக்கதாக அவர் சொல்லிவிட்டார்.

“நான்தான் கூட்டிக்கொண்டு வருவன். உள்ளுக்க வந்து பாப்பன். வீடு குளிர்ந்து கிடந்தால் நான் கோட்டுக் கழட்டமாட்டன். தாயையும் பிள்ளையையும் அப்படியே ஏத்திக்கொண்டு மார்க்கத்துக்குப் போயிடுவன்.”

 இரத்தினவேலிடம் கார் இல்லை. மார்க்கத்துக்கு பஸ் மாறி மாறிப் போய், ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில் விருந்தாளிபோல சோபாவில் இருந்து தன் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். போன பிள்ளை எப்போது திரும்பி வரும் என்று யார் சொல்ல முடியும்? அண்ணன் சாப்பாட்டுக்குப் போன நேரம் ரதி அவனுடைய சட்டைக் கையைப் பிடித்து மெல்லச் சொன்னாள்.

“எனக்கு எங்கட வீட்டைதான் வரவேணும். ஆனால் பிள்ளைக்குக் குளிரக்கூடாதப்பா.”

அந்தச் சொல்தான் காலையிலிருந்து அவன் காதில் நின்றது.

சமையல் பக்கம் போனான். அடுப்பின் நான்கு வாயிலும் நான்கு பெரிய பானைகள் கொதித்துக்கொண்டிருந்தன. நடுவில் சேலைக்கு மேலே ஆண்களின் சுவெற்றர் போட்டுக்கொண்டு, தலையைச் சுற்றி மப்ளர் கட்டியபடி அவனுடைய தமக்கை யோகமலர் நின்றாள்.

யோகமலர் இந்த வீட்டுக்குள் கால் வைத்தது இந்தக் கிழமைதான். தம்பி தன் பாட்டில் ரதியைக் கட்டியதிலிருந்து இதே நகரத்தில் பார்க்டேலில் இருந்தபடியே கோபம் காத்தவள். கலியாணத்துக்கும் வரவில்லை, ரெலிபோனும் எடுத்ததில்லை. பிள்ளை பிறந்த செய்தி கேட்டதும் யாரும் கூப்பிடாமலே ஒரு பையில் மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். பிள்ளை பெற்றவளுக்கு இதையெல்லாம் வறுத்து அரைத்துச் சரக்குக் கறி யார் வைத்துக் கொடுப்பது, நீயா, என்று கேட்டாள். அக்கா வந்திருக்கிற விஷயத்தை இரத்தினவேல் இன்னும் ரதிக்குச் சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

சுடுதண்ணீர் வராதது தனக்கு விடியவே தெரியும் என்றாள் யோகமலர். பிள்ளை பெற்றவளுக்கு வார்க்கத் தண்ணீர் பானையில் கொதிக்கிறது, அதை நான் பார்க்கிறேன், வீட்டை நீ பார் என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள்.

“போய் அந்த மனிசனைக் கூப்பிடு. ரோசத்திலை பிள்ளை குளிர் காயாது.”

இரத்தினவேல் படியேறிக் கதவைத் தட்டினான்.

கதவைத் திறந்த பஸ்ரியனைப் பார்த்ததும் அவனுக்குச் சொல்ல வந்தது மறந்தது. அவர் வீட்டுக்குள்ளே ஓவர்கோட்டும் குரங்குத்தொப்பியும் போட்டுக்கொண்டு நின்றார். மூக்கு சிவந்திருந்தது. உள்ளே சோபாவில் கிளடிஸ் அன்ரி போர்வையால் தன்னைச் சுற்றி, செபமாலையை மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருந்தா.

மேலேயும் குளிர்தான். சுடுதண்ணீரும் இல்லை. இதைக் கேட்டதும் இரத்தினவேலுக்குப் பாதி ஆத்திரம் இறங்கிவிட்டது. தன்னைக் குளிரில் போட்டுவிட்டு அவர் மேலே சுகமாக இருக்கிறார் என்றுதான் ஒரு கிழமையாக நினைத்திருந்தான்.

“அண்டைக்கு உன்னோட கத்திப்போட்டு மேல வந்தவுடனை நான் ஹீற்றைக் கூட்டிவிட்டனான்,” என்றார் பஸ்ரியன். “இண்டைவரைக்கும் குறைக்கேல்லை.”

“அதை ஏன் அங்கிள் எனக்குச் சொல்லேல்லை?”

“நீ என்னோட கதைச்சனியே, நான் சொல்ல?”

இருவரும் ஒன்றாகக் கீழே இறங்கினார்கள்.

வீட்டுக்குச் சூட்டுக்காற்று அனுப்பும் பேர்னஸ் இருக்கிற அறை பேஸ்மென்றின் மூலையில் இருந்தது. காற்றுப் போய்வர வசதியாகச் சரிவுச் சட்டங்கள் வைத்து அடித்த மரக்கதவு அதற்கு. கதவின்மேல் ஒரு கனத்த போர்வை தொங்கியது. அக்கா காயப்போட்டிருக்கிறாள் என்று நினைத்து இரத்தினவேல் அதைச் சுருட்டி ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

பேர்னஸ் தன்பாட்டில் முனகிப் பற்றியது. நீல நெருப்பு வரிசையாக எழும்பியது. இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரந்தான். உள்ளே எதுவோ கிளிக் என்றது, நெருப்பு அணைந்தது, காற்று மட்டும் சுற்றியது. சிறிது பொறுத்து மறுபடி பற்றியது, மறுபடி அணைந்தது. தகரத்தைத் தொட்ட பஸ்ரியன் கையை ஊதினார். அது கொதித்தது. வீடு மட்டும் குளிர்ந்து கிடந்தது.

பழைய மெசின், கிழண்டிப்போச்சுது என்றார் பஸ்ரியன். மேலே போய் காஸ் கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்தார். தன் இங்கிலீசில் தெரிந்த மரியாதை எல்லாவற்றையும் செலவழித்துப் பார்த்தார். ஊரெல்லாம் குளிர், எல்லா வீட்டிலும் முறைப்பாடு, ஆள் நாளைக்குத்தான் வரும் என்று பதில் வந்தது.

நாளைக்குச் சூடு வந்து என்ன செய்ய?

சரி, தண்ணீரையாவது பார்ப்போம் என்று சுடுதண்ணீர்த் தாங்கியின் அடியில் குனிந்தார்கள். அங்கே ஒரு சின்னச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கவேண்டும். அதிலிருந்துதான் பெரிய நெருப்புப் பற்றும். எட்டிப் பார்த்தால் இருட்டு. பஸ்ரியன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாங்கியில் ஒட்டியிருந்த தகட்டை எழுத்துக்கூட்டி வாசித்தார். திருகை மூடு. காஸ் போகும்வரை பொறு. மணந்து பார். பிறகு சிவப்புப் பொத்தானை அமத்திக்கொண்டு கொளுத்து.

தீக்குச்சி உள்ளே எட்டவில்லை. இரத்தினவேலின் விரல்தான் சுட்டது. யோகமலர் விளக்குமாற்றிலிருந்து ஒரு நீள ஈர்க்கை உருவி, சாமிப்படத்துக்கு வைக்கிற திரியை அதன் நுனியில் சுற்றி, எண்ணெயில் தோய்த்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

பஸ்ரியன் நிலத்தில் படுத்தபடி அதைப் பார்த்தார். “உங்கட சாமித் திரி. நான் வேதக்காரன். பத்துமோ, தங்கச்சி?”

“அதுக்கு உதொண்டும் தெரியாதண்ணை. நீங்கள் பொத்தானை விடாமல் பிடியுங்கோ.”

பற்றியது. சின்னச் சுடர் நின்றது, திருகைத் திருப்பியதும் பெரிய நெருப்பு ‘புஸ்’ என்று விரிந்தது. வீட்டுக்காரரும் குடியிருப்பவனும் நிலத்தில் வயிறு பட ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு கிழமைக் கோபம் அதோடு போயிற்று. கதவைச் சாத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்க வந்தார்கள்.

தேத்தண்ணி முடிந்து இரத்தினவேல் குழாயைத் திறந்தான். பச்சைத்தண்ணீர். ஓடிப்போய்ப் பார்த்தான். கதவில் போர்வை மறுபடி தொங்கியது. உள்ளே சுடர் செத்துக் கிடந்தது.

அவன் சுவரோடு சரிந்து இருந்துவிட்டான். மத்தியானமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ரதி இப்போது பிள்ளைக்குத் தொப்பி போட்டுக்கொண்டிருப்பாள்.

பஸ்ரியன் ஆறுதலுக்கு ஏதோ கதை தொடங்கினார். இந்த வீட்டில் ஒன்று மட்டும் நல்லாயிருக்குது, கிளடிஸ் நேற்றுத் தொடக்கம் இருமவில்லை என்றார்.

“நீங்கள் கீழ என்ன மீன் பொரிக்கிறியள் எண்டு நான் மேல இருந்து சொல்லுவன், தம்பி. முந்தநாள் சரக்கு வறுக்க மேல நிக்கேலாமல் கிடந்தது. அவ இருமி இருமிக் கண்ணெல்லாம் பிதுங்கிப்போச்சு. நேற்றைக்கும் வறுத்ததாம், ஒரு துளி மணமும் வரேல்லை.”

இரத்தினவேல் தலையை நிமிர்த்தினான்.

மணம் எப்படி மேலே போவது? சுவரின் அடியில் பெரிய வலைத்தட்டு ஒன்று இருக்கிறது. அதுதான் கீழ்வீட்டுக் காற்றை இழுத்துப் பேர்னசுக்குக் கொடுக்கிறது. பேர்னஸ் அதைச் சூடாக்கி மேலேயும் கீழேயும் அனுப்புகிறது. மணம் போகவில்லை என்றால் காற்றும் போகவில்லை.

அவன் சாமித்தட்டிலிருந்து ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி எடுத்தான். வலைத்தட்டு இருக்கும் சுவரில் தமிழ்க்கடைக் கலண்டர் பெரிதாகத் தொங்கியது. அதன் கீழே பயணப்பெட்டி இரண்டு அடுக்கியிருந்தன. ஊதுபத்தியை அங்கே நீட்டினான். உள்ளே வளைந்து ஓடவேண்டிய புகை அசையாமல் நேரே மேலே போயிற்று.

பின்னால் அகப்பை கீழே விழுந்த சத்தம் கேட்டது.

யோகமலர் வந்து பெட்டிகளை நகர்த்தினாள். கலண்டரைக் கழற்றினாள். வலைத்தட்டு முழுவதும், ஒரு கீறலும் விடாமல், அலுமினியத் தாள் வைத்து அகல ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தது. இரண்டு மடிப்பு. நல்ல வேலைக்காரியின் ஒட்டு.

“நான்தான் அடைச்சனான்,” என்றாள். “மேல அந்த மனிசி இருமுறது இந்த ஓட்டைக்கால எனக்குக் கேக்குது. சரக்கு வறுக்கிறதை விடேலாது. அவவையும் இரும வைக்கேலாது. அதுதான் இதையும் ஒட்டி, அந்தக் கதவுக்கும் போர்வை போட்டு, அடுப்புக்கு மேல புகை இழுக்கிற காத்தாடியையும் போட்டனான்.”

பஸ்ரியன் வாயைத் திறந்தார். கத்தத்தான் திறந்தார். தன் மனைவிக்காக ஒரு மனுஷி செய்த வேலை என்பது உறைத்ததும் வாயை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, தகட்டில் வாசித்த இன்னொன்றைச் சொன்னார். நெருப்புக்குக் காற்று வேண்டும். அறையை அடைத்துவிட்டு இந்தப் பக்கம் காத்தாடி இழுத்தால், கூரைக்குப் போகவேண்டிய புகை வீட்டுக்குள்ளே திரும்பும். அது மணக்காது. நித்திரையிலேயே ஆட்கள் போயிருக்கிறார்கள்.

யோகமலர் அரிசிச் சாக்கின்மேல் பொத்தென்று இருந்தாள். அவளுடைய கண் அறை மூலையில் விரித்து வைத்திருந்த சின்னப் படுக்கைக்குப் போயிற்று. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். இரத்தினவேல் பக்கத்தில் போய் அவளுடைய முதுகில் கையை வைத்தான். கோபித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அவன் தொடாத முதுகு.

“பிள்ளை இன்னும் வரேல்லை அக்கா. வரமுன்னம் பிடிச்சிட்டம்.”

வலைத்தட்டை உரித்தார்கள். போர்வையை எடுத்தார்கள். காத்தாடியை நிறுத்தினார்கள். உள்ளே நின்ற காற்று போகட்டும் என்று வெளிக்கதவைத் திறந்து வைத்துவிட்டு மூன்று பேரும் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். பிறகு ஈர்க்கும் திரியும் மறுபடி வந்தன. தாங்கி பற்றியது. ஊதுபத்திப் புகை இப்போது வலைத்தட்டுக்குள் பாம்புபோல ஓடியது.

பேர்னஸ் மட்டும் இன்னும் சரிவரவில்லை. முன்னையைவிடக் கூட நேரம் எரிந்தது. பிறகும் கிளிக் என்று நின்றது.

அந்த நேரம் பார்த்து ரெலிபோன் அடித்தது. பொன்னம்பலம். ஆஸ்பத்திரியில் விடுகைத் துண்டு வெட்டியாகிவிட்டது, வெளிக்கிடப் போகிறோம், வீடு எப்படி என்று கேட்டார். பின்னால் ஒரு சின்ன அழுகை கேட்டது. இரத்தினவேல் ரிசீவரை இறுகப் பிடித்தான். சூடாகத்தான் இருக்கிறது என்று சொல்ல ஒரு நொடி போதும்.

“இன்னும் சூடாகேல்லை அண்ணை,” என்றான். “என்ன பிழையெண்டு பிடிச்சிட்டம். நீங்கள் வாங்கோ. வந்து பாத்திட்டு முடிவெடுங்கோ.”

 பொன்னம்பலம் ரெலிபோனை வைத்துவிட்டார்.

பஸ்ரியன் ஊதுபத்தியைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறினார். இரத்தினவேல் பின்னால் ஓடினான். வேதக்காரர் வீட்டு விறாந்தையில், படுக்கையறையில், சாப்பாட்டு மேசைக்குக் கீழே, நிலத்தில் சூடு வருகிற துளை ஒவ்வொன்றிலும் பஸ்ரியன் முழங்காலில் நின்று ஊதுபத்தி காட்டினார். ஒன்றிலும் புகை அசையவில்லை. குனிந்து விரலால் தடவினார். எல்லாத் துளைகளின் இதழ்களும் இறுக மூடிக்கிடந்தன.

சோபாவில் போர்வை அசைந்தது.

“ஏனப்பா அதுகளைத் திறக்கிறியள்?” என்றா கிளடிஸ் அன்ரி. “கீழ பச்சைப்பிள்ளை வருது. சூடு காணாதெண்டு அந்தப் பெடியன் சொன்னவன், அதுதான் நேற்று நான் மூடிவிட்டனான். மேல மூடினால் சூடு முழுக்கக் கீழதானே போகும். நாங்கள் கிழடுகள், போர்த்துக்கொண்டு கிடப்பம்.”

பஸ்ரியன் முழங்காலில் நின்றபடியே இரத்தினவேலைப் பார்த்தார்.

“கீழ உன்ர அக்கா என்ர மனிசிக்காக அடைச்சிட்டா. மேல என்ர மனிசி உன்ர பிள்ளைக்காக அடைச்சிட்டா. அந்தப் பேர்னஸ் என்ன செய்யும், பாவம். சூட்டை எங்க கொண்டுபோய்க் கொட்டும்?”

இரத்தினவேலுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அன்ரி, நீங்கள் குளிரில் இருந்தால் எங்களுக்கும் குளிர்தான் என்று விளங்கப்படுத்தினான். ஒவ்வொரு துளையாகத் திறந்துகொண்டு போனான். கீழே பேர்னஸ் பற்றியது. இந்த முறை நிற்கவில்லை. எரிந்தது, எரிந்துகொண்டேயிருந்தது. குழாய்த் தகரங்கள் சூடேறி டிக் டிக் என்று பேசத் தொடங்கின. பிறகு காற்று வந்தது. கிளடிஸ் அன்ரி போர்வைக்கு வெளியே ஒரு காலை நீட்டிப் பார்த்தா.

பேஸ்மென்ற் சூடாவதற்கு நேரம் பிடிக்கும். ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்த சீமெந்து அது. இரத்தினவேல் துளைக்குக் கீழே பிள்ளையின் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். யோகமலர் நிலத்தில் கிடந்த பாயைத் தூக்கிச் சூடு காட்டினாள். வெளியில் பனிமேல் கார்ச் சில்லு நொறுக்குகிற சத்தம் கேட்டது.

கார்க்கதவு திறக்கும் சத்தத்தோடு யோகமலர் பாயைப் போட்டுவிட்டு எங்கேயோ மறைந்தாள்.

முதலில் பொன்னம்பலம்தான் படியிறங்கினார். நீளக் கறுப்புக் கோட்டு, தோல் கையுறை, உரோமத் தொப்பி. பஸ்ரியனும் கிளடிஸ் அன்ரியும் பின்னாலேயே இறங்கி, பரிசோதனைக்கு நிற்கிற பிள்ளைகள்போலச் சுவரோடு நின்றார்கள். பொன்னம்பலம் யாரையும் பார்க்கவில்லை. அறையின் நடுவில் வந்தார். ஒரு கையுறையைக் கழற்றிச் சுவரைத் தொட்டார். குனிந்து நிலத்தைத் தொட்டார். பிறகு கூரைத்துளைக்குக் கீழே உள்ளங்கையை உயர்த்திப் பிடித்தார்.

பிடித்தபடி நின்றார். 

பொன்னம்பலம் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். அங்கே நிறுத்திச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். அடுத்ததைக் கழற்றினார். அதற்கடுத்ததையும். கோட்டைத் தோளால் இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு எங்கே மாட்டுவது என்று தேடினார்.

“தாருங்கோ, நான் வைக்கிறன்,” என்று பஸ்ரியன் பாய்ந்து வாங்கினார்.

“ரெலிபோனிலை பொய் சொல்லியிருந்தால் நான் கழட்டியிருக்கமாட்டன்,” என்றார் பொன்னம்பலம், இரத்தினவேலைப் பாராமலே. “பிள்ளையை இறக்கு தங்கச்சி.”

ரதி படியின் அடியில் நின்றாள். பிள்ளையின் முகம் போர்வைக்குள் ஒரு சிறு அப்பமளவு தெரிந்தது. இரத்தினவேல் சூடேற்றிய போர்வையோடு கிட்டப் போனான். பழையதை உரித்து இதைச் சுற்றியதும் பிள்ளை ஒருமுறை நெளிந்து, கொட்டாவி விட்டு, மறுபடி உறங்கியது.

அப்போதுதான் ரதி மூக்கை உயர்த்தினாள். மல்லி, மிளகு, உள்ளி. அவளுடைய கண் நான்கு பானைகளுக்கும் போய்த் திரும்பிக் கணவனிடம் வந்தது. அவனுக்குத் தேத்தண்ணியைத் தவிர வேறொன்றும் வைக்கத் தெரியாதென்பது அவளுக்குத் தெரியும்.

“சரக்கு ஆர் வறுத்தது?”

இரத்தினவேல் நிலத்தைப் பார்த்தான். பொன்னம்பலத்தின் முகம் மாறியது.  இந்தக் குடும்பத்துக் கோபதாபம் ஒன்றும் அறியாத பஸ்ரியன், கையில் கோட்டோடு மூலையைப் பார்த்தார். மரக்கதவின் சட்டங்களுக்கு இடையால் ஒரு சேலைத் தலைப்பு வெளியே தெரிந்தது.

“தங்கச்சி,” என்று அவர் உரிமையோடு கூப்பிட்டார். “அந்தக் கதவுக்குப் பின்னாலை நிண்டு திரும்பவும் காத்தை மறிக்காதையுங்கோ. வெளியிலை வாங்கோ.”

தலைப்பு சட்டென்று உள்ளே இழுபட்டது. கதவு திறக்கவில்லை.

உள்ளே நிற்பது கலியாணத்துக்கும் வராத மச்சாள்தான் என்று ரதிக்கு விளங்கியது. பிறகு பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சப்பாத்தையும் கழற்றாமல், அதை நோக்கி நடந்தாள்.